படியேறினால் மூச்சு வாங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள்

குழந்தைகளின் மூச்சு, உடற்பயிற்சி பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, மதுரையில் 22 ஆண்டுகளாகக் குழந்தைகளுக்கு மூச்சுப் பயிற்சி அளித்துவரும் பிசியோதெரபிஸ்ட் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. உயரம் 138 செ.மீ., எடை 48 கிலோ. பள்ளியில் அவன் வகுப்பு இரண்டாவது மாடியில் இருக்கிறது. ஏறி முடிப்பதற்குள் இரண்டு தடவை நின்றுவிடுகிறான். பி.டி. சார் எல்லார் முன்னாலும் "சோம்பேறி" என்கிறாராம். பக்கத்துக் கிளினிக்கில் காட்டினோம். ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, வீசிங் என்று இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்கள். ஆறு மாதமாகப் போடுகிறோம், பெரிய மாற்றம் இல்லை. "முதல்ல உடம்பு குறையட்டும், அப்புறம் ஓடட்டும். இப்ப ஓடினா மூச்சு முட்டிடும்" என்கிறார் என் மாமியார். யார் சொல்வது சரி?
- ஒரு தாய், விருதுநகர்

பதில்: உங்கள் மகன் சோம்பேறி இல்லை. இதை இன்று ராத்திரியே அவனிடம் சொல்லிவிடுங்கள் அம்மா. அவனுக்கு மூச்சு வாங்குவது நிஜம். என்னிடம் வரும் பிள்ளைகள் பலர் "மூச்சு வாங்குது" என்று வாய் திறந்து சொல்வதே இல்லை. "கால் வலிக்குது", "ஷூ கடிக்குது" என்பார்கள். ஒரு பையன் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே வந்தான். லேஸ் அவிழவே இல்லை. மூச்சு வாங்குவது தெரியக் கூடாது என்று குனிந்தான். அந்தப் பையனுக்கும் உங்கள் மகன் வயதுதான்.

அவனுக்கு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் நீங்களே ஒன்று செய்து பாருங்கள். தரையில் மல்லாந்து படுத்து, 5 கிலோ அரிசிப் பையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் மூச்சு விடுங்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உதரவிதானம் என்ற தசை குடை மாதிரி கவிந்திருக்கிறது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் அது கீழே இறங்க வேண்டும். வயிற்றில் கொழுப்பு நிறைந்திருந்தால் அதற்கு இறங்க இடம் போதாது. விலாவைச் சுற்றிப் படிந்த கொழுப்பு, நெஞ்சுக்கூடு விரிவதையும் பிடித்து இழுக்கிறது. இன்னொன்றும் உண்டு. நாம் சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த பிறகும் நுரையீரலில் கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கும். அந்த மிச்சம்தான் அடிப்பகுதியில் உள்ள சிறு மூச்சுக்குழல்கள் மூடிக்கொள்ளாமல் காக்கிறது. எடை கூடும்போது முதலில் குறைவது இந்த மிச்சக் காற்றுதான். கூடவே, ஒவ்வொரு படிக்கும் அவன் தூக்கிச் செல்லும் பாரமும் அதிகம். பிறகு எப்படி மூச்சு வாங்காமல் இருக்கும்?

சரி, இன்ஹேலர் விஷயத்துக்கு வருவோம். நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள். ஆனால், ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்யாமல் ஆறு மாதம் ஓடியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஸ்பைரோமெட்ரி என்பார்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நெஞ்சகநோய்ப் பிரிவில் கேளுங்கள். மூக்கில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். குழாயை உதட்டால் இறுகக் கவ்வி, முடிந்த மட்டும் மூச்சை உள்ளே இழுத்து, பட்டென்று ஊத வேண்டும். காற்று தீரும்வரை ஊத வேண்டும். குழந்தைகளுக்காகத் திரையில் மெழுகுவர்த்திகளை வரிசையாக வைத்திருப்பார்கள், ஊத ஊத ஒவ்வொன்றாக அணையும். குறைந்தது மூன்று தடவை சரியாக ஊத வேண்டும். இரண்டாவது தடவையே பிள்ளைகளுக்குப் போட்டி வந்துவிடும், எல்லா மெழுகுவர்த்தியையும் அணைக்காமல் நாற்காலியை விட்டு எழ மாட்டார்கள்.

இந்த அளவை நமக்குக் கொடுத்தவர் ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1846-ல், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊத வைத்து அளந்து, உயரம் கூடக் கூட மூச்சின் கொள்ளளவும் கூடுகிறது என்று காட்டினார். இன்றும் ரிப்போர்ட்டில் வரும் சதவீதத்தை வயது, உயரம், ஆணா பெண்ணா என்பவற்றை வைத்தே கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் எடை இல்லை. அதனால் எடை கூடிய பல பிள்ளைகளுக்கு மொத்தக் கொள்ளளவு "நார்மல்" என்றே வரும், சிலருக்கு நார்மலைவிடக் கொஞ்சம் அதிகமாகக்கூட வரும். அதைப் பார்த்து ஒன்றுமில்லை என்று வந்துவிடாதீர்கள். விகிதத்தைக் கேளுங்கள். ஆரோக்கியமான குழந்தை ஊதும் காற்றில் 80 சதவீதத்துக்கும் மேல் முதல் நொடியிலேயே வெளியே வந்துவிடும். எடை கூடிய பிள்ளைகளில் பலருக்கு இந்த விகிதம் இறங்கியிருக்கும். நுரையீரல் பெரிதாக வளர்ந்திருக்கும், காற்றுக் குழல்கள் அதற்கு ஈடாக அகலமாகியிருக்காது. கல்யாண மண்டபத்தை இழுத்துக் கட்டிவிட்டு வாசலைப் பழைய அகலத்திலேயே விட்ட மாதிரி. பந்தி முடிந்தால் கூட்டம் வெளியே வர நேரமாகும்.

இது ஆஸ்துமாவா, எடையால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க, இன்ஹேலர் மருந்தைக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி ஊத வைப்பார்கள். முதல் நொடிக் காற்று 12 சதவீதத்துக்கு மேல் கூடினால் ஆஸ்துமாவின் பக்கம் சாய்வோம். இரண்டும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகளும் நிறைய உண்டு, எடை கூடினால் ஆஸ்துமா வரும் வாய்ப்பும் கூடுகிறது. வீட்டிலேயே நீங்கள் கவனிக்க ஒரு குறிப்பு: எடையால் வரும் மூச்சு வாங்கல், நின்று ஓய்வெடுத்தால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஆஸ்துமா என்றால் பெரும்பாலும் ஓட்டத்தை நிறுத்திய பிறகுதான் இருமலும் விசில் சத்தமும் கிளம்பும்.

உங்கள் மாமியார் சொல்வதில் பாசம் இருக்கிறது. ஆனால் வரிசை தலைகீழ். எடை குறையும்வரை அசையாமல் இருந்தால் எடையும் குறையாது, மூச்சும் தேறாது. பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே கால் தசையும் இதயமும் மூச்சுத் தசைகளும் பழகிவிடுகின்றன. தராசு முள் அசைவதற்கு முன்பே பிள்ளை நிற்காமல் மாடி ஏறிவிடுவான். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

முதல் இரண்டு வாரம், பள்ளி விட்டு வந்ததும் 10 நிமிடம், சாப்பாட்டுக்கு முன் 10 நிமிடம். ஒரு நிமிடம் விறுவிறு நடை, இரண்டு நிமிடம் சாதாரண நடை, இப்படியே மாற்றி மாற்றி. தொடர்ந்து ஓடச் சொல்லாதீர்கள். குழந்தைகளின் உடம்பே விட்டு விட்டு ஓடுவதற்குத்தான் பழக்கப்பட்டது, ஓடிப்பிடித்து விளையாடுவதைப் பாருங்கள், தெரியும். வாரா வாரம் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். சைக்கிள், நீச்சல், ஸ்கிப்பிங், சிலம்பம், எது அவனுக்குப் பிடிக்கிறதோ அது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, 5 முதல் 17 வயது வரை சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிடம். மூன்று மாதத்தில் அந்த அளவைத் தொட்டால் போதும், அதுவும் ஒரே மூச்சில் 60 நிமிடம் வேண்டாம், பிரித்துச் செய்தாலும் கணக்குதான்.

வேகம் சரியா என்று பார்க்க நான் பிள்ளைகளிடம் ஒரு குறள் சொல்லச் சொல்வேன். குறளுக்கு ஏழு சீர், மேலே நான்கு, கீழே மூன்று. நடந்துகொண்டே முதல் நான்கு சீரைச் சொல்லி, ஒரு மூச்சு வாங்கி, மீதி மூன்றைச் சொன்னால் வேகம் சரியாக இருக்கிறது. ஏழையும் ஒரே மூச்சில் அலட்டாமல் சொன்னால் இன்னும் கொஞ்சம் வீசி நடக்கலாம். இரண்டிரண்டு சீராக உடைந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இதற்காக வாட்ச் எதுவும் வாங்க வேண்டாம். நெஞ்சு வலி, தலைசுற்றல், உதடு நீலம் பாய்வது, இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்குப் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

இன்னொன்று. அவனுடைய உடல் நிறை குறியீட்டெண் 25 வருகிறது. பெரியவர்களுக்கான அட்டவணையில் வைத்துப் பார்த்து "லேசாகத்தான் கூட" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 10 வயதுக்கு அது மிக அதிகம். 5 முதல் 18 வயது வரைக்கும் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-ல் வெளியிட்ட தனி அட்டவணை இருக்கிறது, அதில் குறித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: என் பேரனுக்கு ஓட்டம் எல்லாம் வராது. தினமும் பலூன் ஊத வைக்கிறேன், பிராணாயாமமும் சொல்லிக் கொடுக்கிறேன். நுரையீரல் பெரிதாகுமா?
- ஒரு தாத்தா, காரைக்குடி

பதில்: பெரிதாகாது ஐயா. உடற்பயிற்சியாலும் நுரையீரல் பெரிதாவதில்லை. அது உயரத்தோடு, வயதோடு வளரும். இருக்கிற நுரையீரலை நன்றாகப் பயன்படுத்தவே பயிற்சி. பிராணாயாமம் நிதானமாக மூச்சு விடக் கற்றுக்கொடுக்கும், தூங்கும் முன் செய்தால் மனம் அடங்கும். தொடருங்கள். ஆனால் இதயம் வேகமாகத் துடித்து, கால்கள் உழைத்து, வியர்வை வந்தால்தான் மூச்சுக்குத் தெம்பு வரும். பலூனை ஓரமாக வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைச் சுற்றி வாருங்கள். மெயின் ரோட்டில் வேண்டாம், பஸ் புகை இல்லாத உள்தெருவாகப் பார்த்துப் போங்கள்.

வீட்டில் கொசுவர்த்தி ஏற்றுகிறீர்களா? ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் புகைப்பதற்குச் சமம் என்று அளந்திருக்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஏற்றும் அறையில்தான் அந்தப் பிள்ளை எட்டு மணி நேரம் தூங்குகிறான். இன்றைக்கே கொசுவலைக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: மகளுக்கு 13 வயது, 66 கிலோ. வயதுக்கு வந்ததிலிருந்து ரிங் பால், சைக்கிள் எல்லாம் நின்றுபோனது. ஒரு வருடத்தில் 11 கிலோ கூடிவிட்டாள். இப்போது பள்ளியில் ஓடவிட்டால், ஓடும்போது சமாளிக்கிறாள், வந்து உட்கார்ந்த பிறகு இருமுகிறாள். ஓட வேண்டாம் என்று லெட்டர் வாங்கிக் கொடுத்துவிடலாமா?
- ஒரு தந்தை, தஞ்சாவூர்

பதில்: அந்த லெட்டரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள் சார். எனக்கு 12 வயதில் அப்படி ஒரு லெட்டரை என் அப்பா கொடுத்தார். எனக்கும் இழுப்பு உண்டு. கோ-கோ டீமில் இருந்தேன். அடுத்த நாளிலிருந்து மைதானத்து ஓரத்தில் எல்லாருடைய செருப்புக்கும் காவல் உட்கார்ந்தேன். ஐந்து வருடம். அந்த ஐந்து வருடத்தில் எனக்கு இழுப்பும் குறையவில்லை, உடம்பும் ஏறியது. அப்பா மேல் தப்பில்லை, அன்றைக்கு அவருக்குச் சொல்ல ஆளில்லை. உங்களுக்குச் சொல்ல நான் இருக்கிறேன்.

ஓடி முடித்து ஐந்து, பத்து நிமிடம் கழித்து வரும் இருமல், உடற்பயிற்சியால் தூண்டப்படும் மூச்சுக்குழல் சுருக்கமாக இருக்கலாம். வேகமாக மூச்சு விடும்போது மூச்சுக்குழலின் ஈரம் உலர்ந்துபோகிறது, குழல் சுருங்குகிறது. பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் தானாகவே விட்டுவிடும். ஓடுவதற்கு முன்னும் பின்னும் ஊத வைத்துப் பார்த்தால் மருத்துவருக்குத் தெரிந்துவிடும். முதல் நொடிக் காற்று 10 சதவீதமோ அதற்கு மேலோ இறங்கினால் அதுதான் என்று அர்த்தம். இதற்கு நல்ல வழிகள் இருக்கின்றன. மருத்துவர் சொன்னபடி, ஓடுவதற்குக் கொஞ்ச நேரம் முன் இன்ஹேலர். அப்புறம், பத்து நிமிடம் வார்ம்-அப்: கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நிற்பது, மறுபடி கொஞ்சம் ஓட்டம். இதைச் செய்தபின் முழு வேகத்தில் ஓடினால் பலருக்குச் சுருக்கம் குறைவாகவே வருகிறது. நீச்சல் குளம் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. அங்கே மூச்சில் ஏறும் காற்று ஈரமானது. இன்ஹேலர் பழகிப்போய்விடும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். அது போதை கிடையாது. ஆனால் அடிக்கடி தேவைப்பட்டால், நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள், மறுபடி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இருமலைவிட எனக்குக் கவலை தருவது அந்த நின்றுபோன சைக்கிள்தான். மகளிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள், அல்லது அவள் அம்மா கேட்கட்டும். பல பெண்கள் ஓட மறுப்பதற்குக் காரணம் மூச்சு கிடையாது, சரியான உள்ளாடை இல்லாத கூச்சம், மாதவிடாய் நாட்களில் கறை பட்டுவிடுமோ என்ற பயம். விளையாட்டுக்கென்று நல்ல உள்ளாடை இரண்டு, தளர்வான டி-ஷர்ட், டிராக் பேன்ட் வாங்கிக் கொடுங்கள். சைக்கிளுக்குக் காற்றடித்து வையுங்கள்.

கேள்வி: நான் உடற்கல்வி ஆசிரியர். வகுப்பில் 45 பேர், அதில் ஆறேழு பேர் மிகவும் பருமன். எல்லாரோடும் ஓடவிட்டால் கடைசியில் வந்து அழுகிறார்கள். உட்கார வைத்தால் மனம் கேட்கவில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு ஆசிரியர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்களுக்கு என் வணக்கம் சார். மனம் கேட்கவில்லை என்று எழுதினீர்களே, அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

கிரவுண்டைச் சுற்றி ஓடுவதைத் தண்டனையாக யாருக்கும் கொடுக்காதீர்கள், மெலிந்த பிள்ளைகளுக்கும்தான். பருமனான பிள்ளைகளை ஸ்கோர் எழுத உட்கார வைக்காதீர்கள். நேரத்தை வைத்து விளையாட்டு அமையுங்கள். "நாலு ரவுண்டு" என்றால் அவர்கள் கடைசியில் வருவார்கள், எல்லார் கண்ணும் அவர்கள் மேல் இருக்கும். "நாலு நிமிடம், யார் எவ்வளவு முடியுமோ" என்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் முடிப்பார்கள். அந்த ஒரு மாற்றத்திலேயே அழுகை பாதி நின்றுவிடும்.

கபடியை விட்டுவிடாதீர்கள். பாடிப் போகிறவன் 30 விநாடி ஒரே மூச்சில், நிறுத்தி நிதானமாக மூச்சை வெளியே விட்டுக்கொண்டு, கூடவே ஓடவும் வேண்டும். பாடித் திரும்பியதும் மூச்சு வாங்கிக்கொள்ள இடைவெளியும் கிடைக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது இந்த அமைப்புதான். தவிர, பிடிக்கிற இடத்தில் கனமான பையனுக்கு மவுசு. அவனைத் தாண்டிப் போக முடியாமல் எதிர் டீம் திணறுவதை மொத்த வகுப்பும் பார்க்கும். முட்டி, இடுப்பு வலி என்று யாராவது நொண்டி நடந்தால் மட்டும் உடனே விளையாட்டை நிறுத்தி, எலும்பு மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். பருமனான வளரும் பிள்ளைகளுக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதி வழுகிவிடும் ஒரு நோய் உண்டு. வலி முட்டியில் தெரியும், கோளாறு இடுப்பில் இருக்கும். இடுப்பையும் சேர்த்து எக்ஸ்ரே எடுத்தால்தான் பிடிபடும். தாமதமானால் மூட்டு கெட்டுவிடும்.

அப்புறம், சுண்ணாம்பால் 30 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள், இரண்டு முனையிலும் ஒரு செங்கல். ஆறு நிமிடம் அவனவன் வேகத்தில் போய் வந்து போய் வரட்டும். எத்தனை மீட்டர் என்று நோட்டில் குறியுங்கள். மருத்துவமனை வராண்டாவில் நாங்கள் செய்யும் ஆறு நிமிட நடைப் பரிசோதனை இதுதான். ஜூனில் ஒன்று, காலாண்டு விடுமுறைக்கு முன் ஒன்று. ஒவ்வொரு பிள்ளையிடமும் அவனுடைய இரண்டு எண்களை மட்டும் காட்டுங்கள், பக்கத்துப் பையனுடையதைக் காட்ட வேண்டாம்.

கேள்வி: 9 வயது மகன் ராத்திரி பலமாகக் குறட்டை விடுகிறான். நடுவில் சத்தமே நின்று, திடீரென்று திணறி மூச்சை இழுக்கிறான். வகுப்பில் தூங்கி வழிகிறான். நடைப்பயிற்சி தொடங்கலாமா?
- ஒரு தாய், ஈரோடு

பதில்: முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர், இந்த வாரமே. தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறது. டான்சில், அடினாய்டு வீங்கியிருக்கலாம், கழுத்தைச் சுற்றியுள்ள கொழுப்பும் சேர்ந்து அடைக்கலாம். அவன் தூங்கும்போது ஒரு நிமிடம் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், மருத்துவருக்கு அது பெரிய உதவி. அவர் சரி என்றதும் நடையைத் தொடங்கலாம்.

கேள்வி: மூன்று மாதமாக மகளோடு நானும் தினமும் நடக்கிறேன். 11 வயது. ஆரம்பத்தில் 53 கிலோ, இப்போது 52.6. வெறும் 400 கிராம். அவளுக்கே வெறுத்துவிட்டது. இத்தனை நாள் நடந்தது வீண்தானா?
- ஒரு தாய், தூத்துக்குடி

பதில்: அவளுடைய உயரத்தை அளந்தீர்களா? இந்த வயதுப் பெண் குழந்தை மூன்று மாதத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் வளர்ந்திருப்பாள். உயரம் கூடி, எடை அப்படியே நின்றாலே அது இறக்கம்தான். வளரும் பிள்ளைக்குப் பல நேரம் நாங்கள் வைக்கும் முதல் இலக்கே எடை ஏறாமல் நிறுத்துவதுதான்.

எடை மெஷினைக் கொஞ்ச நாள் பரண் மேல் வைத்துவிடுங்கள். உங்கள் வீட்டில் மாடிப்படி இருக்கிறதா? இல்லையென்றால் கோயில் குளத்துப் படி போதும். 40 படி அவளை நிற்காமல் ஏறச் சொல்லுங்கள். மேலே போய் நின்றதும் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு வாக்கியத்தைத் தடங்கல் இல்லாமல் முழுதாகச் சொல்ல அவளுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று எழுதிவையுங்கள். முதல் மாதத்தில் எப்படித் திணறினாள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அவளுக்கும் இருக்கும். ஒரு மாதம் கழித்து அதே படியில் மறுபடி ஏறச் சொல்லிவிட்டு, இரண்டு எண்களையும் எனக்கு எழுதுங்கள்.